அள்ளுவதற்கு முன் ஒரு குழாய் மண்

ஆழம் அளக்கிற வேலையில் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது சோப்பு அப்புவது. ஈயக் குண்டின் அடியில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு குழி இருக்கும். அதில் துணி சோப்பையோ கொழுப்பையோ அப்பி, கயிற்றில் கட்டிக் கடலுக்குள் இறக்குவோம். கயிற்றிலுள்ள அடையாளம் எத்தனை ஆழம் என்று சொல்லும். மேலே இழுத்துப் பார்த்தால், அடியில் கிடப்பது மணலா, களியா, உடைந்த சிப்பியா என்று சோப்பில் ஒட்டியிருப்பது சொல்லும். நங்கூரம் போடுகிறவனுக்கு இரண்டாவது தகவல்தான் முக்கியம். களியில் நங்கூரம் பிடிக்கும், பாறையில் வழுக்கும்.

எக்கோ சவுண்டர் வந்த பிறகு குண்டும் சோப்பும் ஸ்டோருக்குப் போய்விட்டன. ஆனால் அந்தக் கருவியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. அது இரண்டு அதிர்வெண்களில் ஒலியை அனுப்பும். உயர்ந்தது, அடியில் குழம்பாக நிற்கிற புதுச் சேற்றைத் தொட்டதுமே திரும்பிவிடும். தாழ்ந்தது அந்தக் குழம்பைத் துளைத்துக் கெட்டித் தரைவரை போய்த் திரும்பும். ஆக, ஒரே இடத்துக்கு இரண்டு ஆழம் கிடைக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சேற்றின் கனம். எத்தனை கன மீட்டருக்குப் பணம் தருவது என்று தூர்வாரும் ஒப்பந்தக்காரரோடு நடக்கிற சண்டையெல்லாம் அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவில்தான் நடக்கும். ராயபுரம் கல்மண்டபத்தில் பிறந்து, கடலடிச் சேற்றை அளந்தே சம்பளம் வாங்கி, இப்போது திருவொற்றியூரில் ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிற எனக்கு, சேறு என்றால் அருவருப்பு வராது. யார் போட்டது, எப்போது போட்டது என்றுதான் கேட்கத் தோன்றும்.

அந்தக் கண்ணோடு படித்ததால்தானோ என்னவோ, செவ்வாய்க் கோளின் துருவங்களைப் பற்றி வருகிற செய்திகள் எனக்குப் பக்கத்துத் தெருச் சங்கதி மாதிரி இருக்கின்றன. 2006 முதல் அந்தக் கோளைச் சுற்றிக்கொண்டிருக்கிற ஒரு அமெரிக்க விண்கலத்தில், இத்தாலிக்காரர்கள் செய்து கொடுத்த ஷராட் என்ற ரேடார் இருக்கிறது. எங்கள் எக்கோ சவுண்டர் வேலையேதான், ஒலிக்குப் பதில் ரேடியோ அலை. வடதுருவத்தின் மேல் பறக்கும்போது அலையை அனுப்புகிறது. பனியின் மேற்பரப்பிலிருந்து ஓர் எதிரொலி, உள்ளே இருக்கிற ஒவ்வொரு தூசுப் படலத்திலிருந்தும் ஓர் எதிரொலி, கடைசியில் அடித்தரையிலிருந்து ஓர் எதிரொலி.

அப்படிக் கிடைத்த படத்தில் தெரிவது இதுதான். ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் அகலமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் உயரமும் உள்ள ஒரு பனிமேடு. பெரும்பகுதி நம் தண்ணீர் உறைந்த பனிதான். நடுநடுவே தூசு. தூசு அதிகம் கலந்த படலம், குறைவாகக் கலந்த படலம், மறுபடி அதிகம் என்று மாறி மாறி, பழைய நாளிதழ்களை அடுக்கி வைத்த கட்டு மாதிரி. அடியில் பழசு, மேலே புதுசு. செவ்வாய்க்கு நம் நிலா அளவுக்குத் துணை கிடையாது. அதனால் அதன் அச்சு லட்சக்கணக்கான ஆண்டுகளில் வெகுவாகச் சாய்ந்து நிமிர்கிறது. சாய்வு மாறினால் துருவத்தில் விழும் வெயில் மாறும். வெயில் மாறினால் பனி சேர்வதும் தூசு சேர்வதும் மாறும். அந்தக் கணக்கு முழுவதும் அந்த அடுக்குகளில் எழுதிக் கிடக்கிறது. 2008 பிப்ரவரியில் அந்த மேட்டின் செங்குத்தான விளிம்பிலிருந்து பனியும் தூசும் சரிந்து விழுவதையே ஒரு கேமரா பிடித்துவிட்டது. அந்த விளிம்பை மேலிருந்து கீழாக, வரி வரியாகப் படிப்பதற்கென்றே வாழ்நாளைச் செலவழிக்கிற ஆள்கள் உலகத்தில் இருக்கிறார்கள்.

தூசு அங்கே எப்படி வந்து சேர்கிறது? செவ்வாயின் காற்றழுத்தம் நம் காற்றழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் புயல் வருகிறது. குளிர்காலத்தில் அங்குள்ள காற்றிலேயே ஏறத்தாழ கால்பங்கு துருவத்தில் உறைந்து விழுந்துவிடும். வசந்தம் வந்ததும் அந்த உறைபனியின் ஓரம் பின்வாங்கத் தொடங்கும். பனி கிடக்கிற இடம் கடுங்குளிர், அதை ஒட்டிய வெற்றுத்தரை வெயிலில் சூடு. இரண்டுக்கும் நடுவே காற்று புறப்படும். துருவ ஓரத்தில் எழுகிற தூசுப்புயல்கள் பலவற்றுக்கு இதுதான் மூலம்.

காசிமேட்டிலோ திருவொற்றியூரிலோ வளர்ந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் பகல் பன்னிரண்டு, ஒரு மணிக்குக் கடற்காற்று உள்ளே வருவதும் இதே இயற்பியல்தான், குளிர்ந்த பரப்பிலிருந்து சூடான தரைக்கு. எல்லா ஊரிலும் அந்தக் காற்றுக்காக ஏங்குவார்கள். ராயபுரத்தில் ஒரு காலத்தில் அந்த நேரம் பார்த்துத்தான் கொடியில் காய்கிற துணியை ஓடி ஓடி எடுப்போம். துறைமுகத்தில் குவித்து வைத்த நிலக்கரியும் இரும்புத்தாதும் அந்தக் காற்றோடு கிழக்கிலிருந்து வரும். மொட்டைமாடியில் காயப்போட்ட வடகத்தில் கறுப்பு, முருங்கை இலையில் கறுப்பு, குழந்தையின் மூக்கைச் சிந்தினால் கறுப்பு. வழக்கு நடந்து, உயர் நீதிமன்றம் 2011-இல் நிலக்கரியையும் தாதையும் சென்னைத் துறைமுகத்தில் கையாளக் கூடாது என்று சொன்னது. ராயபுரம் மாடிகள் வெளுத்தன. நிலக்கரி வடக்கே எண்ணூருக்குப் போனது. என் மனைவியின் அண்ணன் மகன் அங்கே முகத்துவாரத்தில் படகு வைத்திருக்கிறான். எங்கள் வீட்டுக் கறுப்பு அவன் வீட்டுக்குப் போனதை இரண்டு வீட்டுப் பெண்களும் ஒரு கல்யாணத்தில் பேசித் தெரிந்துகொண்டார்கள்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து எண்ணூர் வரையுள்ள கரையே வண்டலின் வரலாறுதான். 1875-இல் துறைமுகத்துக்குக் கல் போடத் தொடங்கினார்கள். நம் கரையில் ஆண்டில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நீரோட்டம். மீனவர்கள் தெண்டி என்பார்கள். எதிரோட்டத்துக்கு வன்னி என்று பெயர். தெண்டி இழுத்துக்கொண்டு வந்த மணல், புதுச் சுவரில் முட்டித் தெற்கே தேங்கியது. அதுதான் இன்றைய மெரினாவின் அகலம். வடக்கே மணல் வரத்து நின்றது, ராயபுரத்தைக் கடல் தின்னத் தொடங்கியது. எங்கள் பக்கத்துக் கரை முழுக்கக் கருங்கல் கொட்டிக் கிடப்பது அதனால்தான். துறைமுகத்தைத் திருத்திக் கட்டிய பிரான்சிஸ் ஸ்பிரிங் இந்த மணல் நகர்வைப் பற்றிப் பொறியாளர்கள் படிக்கக் கட்டுரையே எழுதினார். இன்றைக்கு ‘துறைமுகம் வந்ததால்தான் ராயபுரம் அரித்தது’ என்பதை யாரும் மறுப்பதில்லை. காரணம் மீனவர்கள் கத்தியது அல்ல, அவர்கள் முதல்நாளே கத்தினார்கள். பழைய கரைக்கோடும் பழைய ஆழ அளவுகளும் தாளில் பத்திரமாக இருந்தன. எவரும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

எண்ணூர்ச் சாம்பலுக்கு அப்படி ஒரு தாள் வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை எழுதக் காரணம்.

1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது, 2017-இல் மூடினார்கள். 1994 முதல் வடசென்னை அனல்மின் நிலையம், 2010-களில் அதன் இரண்டாம் கட்டம். பக்கத்திலேயே வல்லூர், 1,500 மெகாவாட். ஒடிசாவின் தால்சேரில் வெட்டிய நிலக்கரி பாரதீப்பில் கப்பலேறி, 2001-இல் திறந்த எண்ணூர்த் துறைமுகத்தில் இறங்கி, கன்வேயரில் நேரே உலைக்குப் போகிறது. நம் நாட்டு நிலக்கரியில் நூறு டன் எரித்தால் முப்பது, நாற்பது டன் சாம்பல் மிஞ்சும். அதைத் தண்ணீரில் கலக்கிக் குழாயில் செப்பாக்கம் சாம்பல் குட்டைக்கு அனுப்புவார்கள். குழாய் கொசஸ்தலை ஆற்றுப் படுகையையும் பக்கிங்காம் கால்வாயையும் ஒட்டிப் போகிறது. குழாய் ஒழுகிய கதை வடசென்னையில் எல்லோருக்கும் தெரியும். 2017 ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா புறம்போக்குப் பாடலை அந்தச் சாம்பல் படிந்த நீர்க்கரையில் நின்று பாடிய பிறகு தென்சென்னைக்கும் தெரிந்தது.

செப்பாக்கத்தில் தூசுப்புயல் பார்க்கச் செவ்வாய்க்குப் போக வேண்டாம். குட்டையில் தண்ணீர் வற்றி மேல்பரப்பு காய்ந்து கிடக்கும்போது மேற்கத்திக் காற்று அடித்தால் போதும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மிகப் பொடியான துகளைக் காற்று நேரடியாகக் கிளப்புவது கடினம், அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு படுத்துக் கிடக்கும். கொஞ்சம் பருத்த துகள்தான் முதலில் துள்ளும். அது துள்ளி விழுகிற இடத்தில் பொடியைத் தட்டி எழுப்பும், எழுந்த பொடி பிறகு இறங்கவே இறங்காது. செவ்வாயிலும் இதேதான் விதி. அங்கே காற்றில் மிதக்கிற துகள் சுமார் மூன்று மைக்ரான். நம் மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் பயப்படுகிற பி.எம். 2.5 இருக்கிறதே, ஏறக்குறைய அந்த அளவு. அங்கே அது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வானத்தை மூடுகிறது. 2018 ஜூனில் அப்படி மூடியதில் வெயில் கிடைக்காமல்தான், பதினான்கு ஆண்டு ஓடிய ஆப்பர்சுனிட்டி வண்டி செத்தது. இங்கே சாம்பல் குட்டையின் காய்ந்த மேலோட்டை லாரி டயரும் மாட்டுக் குளம்பும் உடைத்துவிட்டால் முதல் துள்ளலுக்குக் காற்றுகூட அதிகம் வேண்டாம். தண்ணீர் தெளித்து அந்த மேலோடு உடையாமல் வைத்திருப்பது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை.

ராக்கெட் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2013 நவம்பர் 5 அன்று மதியம் மங்கள்யான் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. எண்ணூரிலிருந்து கரையோரமாக வடக்கே ஐம்பது, அறுபது கிலோமீட்டர்தான். பழவேற்காட்டுக்கு அந்தப் பக்கம். எங்கள் ஆள்கள் மாடியிலிருந்தே பார்ப்பார்கள், வானம் தெளிவாக இருந்தால் புகைக்கோடு தெரியும். ‘செவ்வாய்க்குச் செலவழித்த 450 கோடியில் ஆற்றைச் சுத்தம் செய்திருக்கலாமே’ என்று கேட்கிற கட்சியில் நான் இல்லை. அந்தத் திட்டத்தை நடத்திய சுப்பையா அருணனும் மயில்சாமி அண்ணாதுரையும் செய்தது பெரிய காரியம். ஆறு மாதத்துக்கென்று செய்த கலம் எட்டு ஆண்டு உழைத்தது. அதன் கேமரா செவ்வாயின் தூசுப்புயல்களைப் படம் பிடித்தது, அந்தப் படங்கள் ஆவணத்தில் இருக்கின்றன, வேண்டுகிற ஆராய்ச்சியாளர் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பழக்கம்தான் எனக்கு வேண்டும். அந்தப் பணம் அல்ல.

விஷயத்துக்கு வருகிறேன். 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ஆற்றில் படிந்த சாம்பலை அகற்றிக் கழிமுகத்தை மீட்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. சாம்பல் போகத்தான் வேண்டும். நான் கவலைப்படுவது அதை எப்படி அள்ளுவார்கள் என்பதைப் பற்றி. பொக்லைன் வரும், மிதவையில் டிரெட்ஜர் வரும், அள்ளியதை டன் கணக்கில் எடை போட்டுப் பில் போடுவார்கள். வேலை முடிந்ததும் ஆற்றின் ஆழம் கூடியிருக்கும். ஐம்பது ஆண்டுகளாக யார் எப்போது எவ்வளவு கொட்டினார்கள் என்பதற்கான ஒரே நேர்ச்சாட்சியும் எடைக்குப் போயிருக்கும்.

ஆற்றுப்படுகையில் அப்படி என்ன எழுதியிருக்கும்? அனல்மின் உலையின் சூட்டில் நிலக்கரியிலுள்ள களிமண் உருகித் துளித் துளியாகிக் காற்றிலேயே உறைகிறது. உறைந்தால் கண்ணாடிக் கோலிக்குண்டு மாதிரி உருண்டை. சில உள்ளே வெற்றுக்கூடு, தண்ணீரில் மிதக்கும். ஆற்று மணலை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள், கோணல்மாணல். சாம்பலைப் பாருங்கள், உருண்டை உருண்டையாக இருக்கும். பிளஸ் டூ ஆய்வகத்து மைக்ராஸ்கோப்பே இதற்குப் போதும். ஐரோப்பாவில் ஏரிகளின் அடிச்சேற்றில் எரிபொருள் புகையிலிருந்து வந்த இந்த வகை உருண்டைகளைத் தேடித்தான், எந்தப் படலத்தில் தொழிற்சாலைக் காலம் தொடங்குகிறது என்று தேதி குறிக்கிறார்கள். தேதிக்கு இன்னும் துணை உண்டு. வல்லரசுகள் வானத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்த்த காலத்தில் விழுந்த சீசியம்-137 உலகெங்கும் வண்டலில் இருக்கிறது, அதன் உச்சம் 1963. அதற்குக் கொஞ்சம் மேலே முதல் கண்ணாடி உருண்டைகள் கிடைத்தால் அது 1970. இன்னும் மேலே உருண்டைகள் திடீரென்று பெருகினால் 1990-கள். 2004 சுனாமி கடல்மணலைக் கொண்டுவந்து போட்ட தடம், 2015 வெள்ளம் கொண்டுவந்த செம்மண் தடம், எல்லாவற்றுக்கும் மேலே 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்து, படகையும் வலையையும் அலையாத்திச் செடியையும் பூசிவிட்டுப் போன எண்ணெய். தேட வேண்டியவை இவை.

எல்லா இடத்திலும் இது இருக்காது. நண்டு வளை தோண்டும், படகின் புரொப்பல்லர் கலக்கும், முகத்துவாரத்தில் ஏற்கெனவே பல தடவை தூர்வாரியிருக்கிறார்கள். செவ்வாயிலும் காற்று அரித்துவிட்டுப் போன அடுக்குகள் உண்டு, அதற்காக அங்கே யாரும் படிப்பதை நிறுத்தவில்லை, அரிக்காத இடத்தைத் தேடுகிறார்கள். இங்கேயும் அப்படி இடம் இருக்கிறது. அலையாத்தியின் வேர்க்கால்கள், கைவிட்ட உப்பளத்து ஓடைகள், பக்கிங்காம் கால்வாயின் ஓட்டமில்லாத மூலைகள். இதை நான் வரைபடம் பார்த்துச் சொல்லவில்லை. ஆற்றில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கிறவர்களுக்குக் கால்தான் எக்கோ சவுண்டர். எண்ணூரில் படகு வைத்திருக்கிற மருமகன் எனக்குச் சொன்னது: முதலில் கால் வழவழவென்று போகும், அது சாம்பல். கீழே நாறுகிற கறுப்புக் களி, அது பழைய ஆறு. அதற்கும் கீழே காலைக் கிழிக்கிற சிப்பி. எந்தத் திருப்பத்தில் சாம்பல் முழங்கால் அளவு, எந்தத் திருப்பத்தில் கணுக்கால் அளவு என்று அவனிடம் கணக்கு இருக்கிறது. காலில் அரிப்பும் இருக்கிறது.

என் யோசனையை அவனிடம் சொன்னபோது அவன் முகம் சுளித்தான். “இன்னா மாமா, நீங்க குழாய் நட்டு முடிக்கிறவரைக்கும் நாங்க சாம்பல்லியே நிக்கணுமா? ஆராய்ச்சி ஆராய்ச்சின்னு இழுத்தடிக்கத்தான் போறாங்க.”

அவன் பயம் நியாயம். இந்த ஊரில் குழு போடுவது, குழுவுக்கு மேல் குழு போடுவது, கழிமுகத்தைவிட ஆழமாகிவிட்டது. ஆனால் நான் கேட்பது இன்னொரு குழு அல்ல. பி.வி.சி. குழாயைப் படகிலிருந்து செங்குத்தாக இறக்கிச் சம்மட்டியால் அடித்து, மேல்வாயை இறுக மூடி உறிஞ்சுபிடியில் மெதுவாக உருவினால், உள்ளே மண் அடுக்கு கலையாமல் வரும். ஒரு படகும் நாலு ஆளும் இருந்தால் ஒரு நீர்வற்றில் பல இடம் முடிக்கலாம். நம் பக்கம் ஏற்ற இறக்கமே ஏறத்தாழ ஒரு மீட்டர்தான், காத்திருக்கிற தொல்லையும் குறைவு. ஆய்வு முடியும்வரை அள்ளுவதை நிறுத்தச் சொல்லவில்லை. குழாயை எடுத்து வைத்துவிட்டு அன்றைக்கே பொக்லைனை இறக்கட்டும். படிப்பதை அடுத்த ஆண்டு படிக்கலாம், முப்பது ஆண்டு கழித்தும் படிக்கலாம். அள்ளிய பிறகு குழாய் எடுக்கத்தான் முடியாது.

இன்னொரு மறுப்பும் வரும், இது அதிகாரிகளிடமிருந்து: ‘சாம்பலின் கனம் எவ்வளவு, கன உலோகம் எவ்வளவு என்று ஏற்கெனவே அளந்து அறிக்கை கொடுத்தாயிற்றே.’ வாழ்நாள் முழுக்க அறிக்கைக்கு எண் கொடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அறிக்கையிலுள்ள எண்ணைத் திரும்ப அளக்க முடியாது. ஒத்துக்கொள்ளலாம், அல்லது சண்டை போடலாம். மண்ணைத் திரும்ப அளக்கலாம். உலகம் முழுக்க இந்த வேலை செய்கிறவர்கள் குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி சோதனைக்கு, மறு பாதியைத் தொடாமல் எடுத்து வைப்பார்கள். நாளைக்கு நல்ல கருவி வரும், அல்லது முதலில் அளந்தவர் மேல் சந்தேகம் வரும், அப்போது பிரிப்பார்கள். கோவாவில் உள்ள தேசியத் துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையம், அண்டார்டிகாவில் துளைத்தெடுத்த பனித்தண்டுகளை மைனஸ் 20 டிகிரியில் வைத்துப் பாதுகாக்கிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கிற தென்துருவத்தின் பனிக்கு இந்தியாவில் அலமாரி இருக்கிறது. எண்ணூர்ச் சேற்றுக்கு அத்தனை குளிர்கூட வேண்டாம். ஒரு குளிர்ந்த அறையும் பூட்டும் பதிவேடும் போதும். கிண்டியில் கடற்கரை மேலாண்மைக்கென்றே ஒரு தேசிய மையம் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் துறை இருக்கிறது.

யாருக்கு இதனால் லாபம் என்று கேட்டால், முதல் லாபம் மீனவருக்குத்தான். இழப்பீடு என்று போனால் ‘சாம்பல் எங்கள் காலத்துக்கு முந்தையது’ என்று புதியவர் பழையவரைக் காட்டுவார், பழையவர் மூடிப்போன நிலையத்தைக் காட்டுவார். எண்ணெய் வந்தபோது இந்த விரல்நீட்டல் எப்படி நடந்தது என்று ஊரே பார்த்தது. தேதி குறித்த மண் இருந்தால் விரல் நீட்ட இடம் குறையும். இன்னொரு லாபம் அரசுக்கே. சாம்பலை அள்ளி முடித்த பிறகு, புதிதாகப் படிகிறதா இல்லையா என்று தெரிய, பழைய அடித்தரை எங்கே இருந்தது என்று தெரிந்தாக வேண்டும். அது தெரியாமல் தூர்வாரினால் ஒப்பந்தக்காரர் எந்த ஆழத்தில் நிறுத்தினாலும் அதுதான் ஆறு என்று ஆகிவிடும். இந்தக் கூத்தை வேறு இடங்களில் பார்த்திருக்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம்.

1971 நவம்பரில் மரைனர்-9 செவ்வாயைச் சென்றடைந்தபோது கோள் முழுக்கத் தூசுப்புயல். நாலே நாலு மலையுச்சிகள் மட்டும் தூசுக்கு மேலே தெரிந்தன. அமெரிக்கர்கள் கலத்துக்குப் புதுக் கட்டளை அனுப்பிக் காத்திருந்தார்கள். ஜனவரியில் தூசு அடங்கியதும் படம் எடுத்தார்கள். துருவ அடுக்குகள் மனிதக் கண்ணுக்கு முதலில் தெரிந்தது அந்தப் படங்களில்தான். அதே சமயம் போன இரண்டு சோவியத் கலங்களின் நிரலைப் பாதியில் மாற்ற முடியாது. புயலுக்குள்ளேயே தரையிறங்கு கலங்களை இறக்கின. ஒன்று மோதியது, மற்றது இறங்கிப் பேசத் தொடங்கிய சில விநாடிகளில் பேச்சை நிறுத்தியது. நம் ஒப்பந்தப் படிவங்கள் பெரும்பாலும் அந்தச் சோவியத் கலம் மாதிரிதான். ஒரு முறை கையெழுத்தானால் நடுவில் ஒரு வரி சேர்க்க ஆறு மேசை ஏற வேண்டும். அதனால்தான் டெண்டர் வருவதற்கு முன்னாலேயே எழுதுகிறேன்.

சேர்க்க வேண்டியது ஒரு பத்திதான். ஆற்றின் ஒவ்வொரு பகுதியிலும் வேலை தொடங்கும் முன், முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம் ஆள்கள் காட்டுகிற இடங்களில் அடிக்களி தட்டுப்படும்வரை குழாய் இறக்க வேண்டும். செப்பாக்கத்திலிருந்து வரும் ஓடைகளில் தனியாக எடுக்க வேண்டும். சாம்பல் படாத மண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பழவேற்காட்டுப் பக்கத்திலும் ஒன்றிரண்டு. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், புரட்டாசிக்குள் முடித்துவிட்டால் வெள்ளம் கலைக்காது. குழாயின் தலைமாட்டில் தேதி, இடம், நீர்மட்டம். பதிவேட்டில் பொறியாளர் கையெழுத்துக்குப் பக்கத்தில் அந்தக் குப்பத்துப் பஞ்சாயத்தார் கையெழுத்து. பாதித் தண்டு பொதுச் சொத்து, கேட்கிற எந்தப் பல்கலைக்கழகமும் ரசீது எழுதிக் கொடுத்துவிட்டுத் துண்டு வெட்டிக்கொள்ளலாம். எந்தத் துண்டு எங்கே போனது, என்ன முடிவு வந்தது என்பது தமிழில் வெளியாக வேண்டும். குழாய் இறக்குகிற கூலியை யார் தருவது என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. சாம்பலைப் போட்டவர் தர வேண்டும், அள்ளுகிற செலவில் அது தூசு.